மாஸ்டர் பதில்கள்: ஹோம்ரன் அடித்தது கையா, ஊசியா?

சென்ற இதழில், "அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் அதிக ஹோம்ரன் அடித்தவர் யார்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். (ஹோம்ரன் என்றால் மட்டையால் பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பது, நம் சிக்ஸர் மாதிரி.) "பேரி பாண்ட்ஸ், 762. கூடவே ஓர் ஊசிக் கதையும் உண்டு" என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு, இந்தப் பகுதி முழுவதையும் ஊக்கமருந்து ஊசிக்கே ஒதுக்கும்படி ஆசிரியர் சொல்லிவிட்டார். கபடி, வடமிழுத்தல் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் குடும்பம் நியூஜெர்சியில் இருக்கிறது. பேரனுக்குப் பேஸ்பால் என்றால் உயிர். "தாத்தா, பாண்ட்ஸைப் புகழ்மன்றத்தில் சேர்க்கவில்லை, தெரியுமா?" என்று போனில் கேட்கிறான். 762 அடித்தவரை வாசலில் நிறுத்துவது என்ன நியாயம்? அவனுக்கு நான் என்ன சொல்லட்டும்? (ஓய்வுபெற்ற தபால் ஊழியர், குளச்சல்)

நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில், பேஸ்பாலின் பெரும் வீரர்களைக் கௌரவிக்கும் அந்த மன்றம் இருக்கிறது. யாரைச் சேர்ப்பது என்று வாக்களிப்பவர்கள் பேஸ்பால் பத்திரிகையாளர்கள். 75 சதவீத வாக்கு வேண்டும். ஒருவர் பெயர் அதிகபட்சம் 10 ஆண்டுகள்தான் பட்டியலில் நிற்கும். 2022 ஜனவரியில் பாண்ட்ஸுக்குப் பத்தாவது ஆண்டு. கிடைத்தது 66 சதவீதம். பந்தெறிவதில் 354 ஆட்டங்களை வென்ற ரோஜர் கிளெமென்ஸுக்கு 65. அதே ஆண்டு டிசம்பரில் 16 பேர் கொண்ட வேறொரு குழு கூடியது. அங்கும் இருவரும் தேறவில்லை.

பாண்ட்ஸ் ஊசியால் உருவான ஆள் அல்லர். 1990, 1992, 1993 ஆகிய மூன்று ஆண்டுகளில் தேசிய லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். அப்போது அவர் ஒல்லியாக, வேகமாக ஓடுபவராக இருந்தார். சந்தேகம் பிறந்தது 2001-ல். அதுவரை ஒரு பருவத்தில் 49 ஹோம்ரன்களைத் தாண்டாதவர், 37 வயது நிறைந்த அந்தப் பருவத்தில் 73 அடித்தார். மற்றவர்களுக்கு முழங்கால் வலி தொடங்கும் வயது அது.

2003-ல் கலிபோர்னியாவில் பால்கோ என்ற நிறுவனத்தை அதிகாரிகள் சோதனையிட்டார்கள். எந்தச் சோதனையிலும் பிடிபடாதபடி தயாரித்த ஒரு ஸ்டீராய்டு (தசை வளர்க்கும் ஊக்கமருந்து) அங்கிருந்து வீரர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. யாரோ அனுப்பிவைத்த ஒரு ஊசிக்குழலில் ஒட்டியிருந்த மிச்சத்தை வைத்து, டான் கேட்லின் என்ற விஞ்ஞானியின் ஆய்வகம் அதை இனம் கண்டது. விசாரணைக் குழுவின் முன் பாண்ட்ஸ் சொன்னது: பயிற்சியாளர் கொடுத்ததை ஆளிவிதை எண்ணெய் என்றும் மூட்டுவலித் தைலம் என்றும்தான் நினைத்தேன். மூட்டுவலித் தைலம் தடவி 73 ஹோம்ரன் அடிக்க முடியுமானால், நம் மாவட்டத்து வைத்தியசாலைகள் எல்லாம் இந்நேரம் சான்பிரான்சிஸ்கோவில் கிளை திறந்திருக்கும்.

பேரனிடம் இதையும் சொல்லுங்கள். பாண்ட்ஸ் உள்ளே போகவில்லை. ஹாங்க் ஆரனின் 755 என்ற சாதனையை அவர் முறியடித்த 756-ஆவது பந்து உள்ளே போய்விட்டது. ஏலத்தில் எடுத்த மார்க் எக்கோ என்ற ஆடை வடிவமைப்பாளர், அதை என்ன செய்யலாம் என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார். பந்தின் மேல், சந்தேகத்துக்குரிய சாதனை என்று காட்டும் ஒரு நட்சத்திரக் குறி பொறித்து மன்றத்துக்குக் கொடுத்தார்.

பந்தை அடிக்கக் கண்ணும் கையும் ஒத்துழைக்க வேண்டும். தசையைப் பெருக்கும் மருந்து அதற்கு எப்படி உதவும்? (கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்)

நல்ல கேள்வி, தம்பி. கண்ணை எந்த ஊசியும் தராது. ஊசி போட்டும் கீழ்மட்ட லீக்குகளைத் தாண்டாமல், பெயர்கூடத் தெரியாமல் போனவர்கள் உண்டு.

பந்தெறியும் மேட்டுக்கும் மட்டையாளருக்கு முன்னால் இருக்கும் தட்டுக்கும் இடையே 18.44 மீட்டர். கிரிக்கெட் ஆடுகளத்தைவிடக் குறைவு. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில், தரையில் குத்தாமல் வரும் பந்து அரை நொடிக்குள் வந்துவிடும். அதற்குள் அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். தொடை, இடுப்பு, தோள் ஆகியவற்றின் வலு கூடினால் மட்டை வேகமாகச் சுழலும். வேகமாகச் சுழற்ற முடிந்தவர் பந்தை இம்மியளவு கூடுதல் நேரம் பார்த்துவிட்டுச் சுழற்றலாம். ஆக, கண்ணுக்கும் மறைமுகமாக ஓர் உதவி.

பிறகு தூரம். பல மைதானங்களில் நடுப்பகுதி வேலி ஏறக்குறைய 120 மீட்டரில் இருக்கிறது. வேலிக்கு மூன்று மீட்டர் முன்னால் இறங்கி எதிரணி வீரர் கையில் சிக்கும் பந்து அவுட். அதே அடி நான்கு மீட்டர் கூடுதலாகப் போனால் ஹோம்ரன். திறமையற்றவனை ஸ்டீராய்டு வீரனாக்காது. திறமைசாலியின் 'கொஞ்சம் போதவில்லை' என்ற அடிகளை வேலிக்கு அப்பால் தள்ளும்.

இதைவிடப் பெரிய உதவி ஒன்று இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. அங்கே ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டங்கள், எல்லாம் ஆறு மாதத்துக்குள். ஆகஸ்ட் வரும்போது உடம்பு தேய்ந்திருக்கும். ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோனின் செயற்கை வடிவங்கள்தான் இந்த ஸ்டீராய்டுகள். பயிற்சியில் சிதையும் தசை இழையை அவை விரைவாகச் சரிசெய்கின்றன. நேற்று எடை தூக்கியவன் இன்றும் தூக்கலாம். மட்டையாளர்களுக்கு இணையாகப் பந்தெறிபவர்களும் ஏன் சிக்கினார்கள் என்பதற்கு விடை இதுதான். தோளும் முழங்கையும்தான் அவர்களுக்குச் சோறு போடுகின்றன.

1998-ல் அமெரிக்காவே இந்த ஹோம்ரன்களைக் கொண்டாடியதாகப் படித்தேன். அப்போது ஒருவருக்குமா தெரியாது? (மளிகை வியாபாரி, கோட்டாறு)

வியாபாரி நீங்கள், விடை உங்களுக்கே தெரிந்திருக்கும். 1994-ல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆண்டின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் ரத்தானது. கோபத்தில் ரசிகர்கள் மைதானத்தை விட்டு விலகினார்கள். அவர்களைத் திரும்ப அழைத்து வந்தது 1998-ன் ஹோம்ரன் போட்டி. 1961-ல் ரோஜர் மாரிஸ் அடித்த 61-தான் அதுவரை சாதனை. மார்க் மெக்வயர் 70 அடித்தார், சாமி சோசா 66. அரங்கம் நிரம்பியது, தொலைக்காட்சி நிரம்பியது, கல்லாவும் நிரம்பியது.

அந்தக் கோடையிலேயே ஸ்டீவ் வில்ஸ்டீன் என்ற செய்தியாளர், மெக்வயரின் அலமாரியில் ஆண்ட்ரோஸ்டீன்டையோன் என்ற மருந்துப் புட்டியைப் பார்த்து எழுதினார். உடம்புக்குள் போய் டெஸ்டோஸ்டிரோனாக மாறும் பொருள் அது. ஒலிம்பிக்கில் தடை, அமெரிக்கக் கால்பந்து லீக்கில் தடை, பேஸ்பாலில் அப்போது தடை இல்லை. கடையில் யாரும் வாங்கலாம். என்ன நடந்தது? புட்டி வைத்திருந்தவரை விட்டுவிட்டு, புட்டியைப் பார்த்தவர் மேல் பாய்ந்தார்கள். அடுத்தவர் அலமாரியை எட்டிப்பார்க்கலாமா என்று பெரிய மனிதர்கள் நீதி பேசினார்கள்.

தடையே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஸ்டீராய்டு உட்பட மருத்துவர் பரிந்துரைக்காத போதைப்பொருள்கள் கூடாது என்று லீக்கின் தலைமை நிர்வாகியான ஆணையர் ஃபே வின்சென்ட் 1991-லேயே எல்லா அணிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பினார். சோதனை? கிடையாது. தனியுரிமை என்று வீரர்கள் சங்கம் எதிர்த்தது. அணி முதலாளிகளும் அதைப் பெரிதாக வற்புறுத்தவில்லை. 2003-ல்தான் பெயரில்லாக் கணக்கெடுப்பாக முதல் சோதனை நடந்தது. 5 சதவீதத்துக்கு மேல் சிக்கினால் மறு ஆண்டு முதல் தண்டனையோடு சோதனை என்று ஒப்பந்தம். எப்போது சோதனை வரும் என்பது ஓரளவு தெரிந்திருந்தும் 5 சதவீதத்தைத் தாண்டினார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். 2005-ல் முதல் தவறுக்கு 10 நாள் தடை. 2006-ல் 50 ஆட்டம். 2014 முதல் 80 ஆட்டம், இரண்டாம் முறை ஒரு பருவம் முழுவதும், மூன்றாம் முறை ஆயுள் தடை.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. இந்தக் காலம் பெரும்பாலும் ஆணையராக இருந்தவர் பட் செலிக். 2017-ல் அவர் அதே புகழ்மன்றத்தில் மரியாதையோடு சேர்க்கப்பட்டார். கடுமையான சோதனையைப் பின்னாளில் கொண்டுவந்தவர் அவர் என்பதை மறைக்கவில்லை. ஆனாலும், ஊசி போட்டவர்கள் வாசலில் நிற்க, கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் உள்ளே போனது எனக்குச் செரிக்கவில்லை.

கிளெமென்ஸையும் பாண்ட்ஸையும் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. பிறகும் அவர்களை ஊக்கமருந்துக்காரர்கள் என்று எழுதுவது அவதூறு அல்லவா? (வழக்கறிஞர், தக்கலை)

வக்கீல் சார், அதனால்தான் நான் எல்லோரையும் ஒரே சாக்கில் கட்டுவதில்லை. 'ஸ்டீராய்டு வீரர்கள்' என்று நாற்பது பெயரை அடுக்கும் கட்டுரைகளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஒப்புக்கொண்டவர் வேறு, சோதனையில் சிக்கியவர் வேறு, சாட்சி சொன்னதால் பெயர் வந்தவர் வேறு, கசிந்த செய்தியில் மட்டும் பெயர் அடிபட்டவர் வேறு.

மெக்வயர் 2010-ல் ஒப்புக்கொண்டார். அலெக்ஸ் ரோட்ரிகஸ் 2001 முதல் 2003 வரை பயன்படுத்தியதாக 2009-ல் ஒப்புக்கொண்டார். பிறகு புளோரிடாவில் பயோஜெனிசிஸ் என்ற கிளினிக்கின் விவகாரத்தில் மறுபடி சிக்கி, 2014 பருவம் முழுவதையும் இழந்தார். ரஃபேல் பால்மெய்ரோ 2005 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் விரலை நீட்டி, ஸ்டீராய்டு பயன்படுத்தியதே இல்லை என்றார். ஸ்டானோசலோல் என்ற ஸ்டீராய்டு சோதனையில் அவர் சிக்கிய செய்தி ஆகஸ்டில் வெளியானது. தெரியாமல் உள்ளே போயிருக்கும் என்பது அவர் வாதம். இவர்களைப் பற்றி எழுத யாருக்கும் தயக்கம் வேண்டாம்.

கிளெமென்ஸ் விஷயம் அப்படி அல்ல. முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் 2007 டிசம்பரில் வெளியிட்ட 409 பக்க அறிக்கையில் 89 வீரர்களின் பெயர்கள் இருந்தன. அவரும் அதில் ஒருவர். அந்த அறிக்கை பெரும்பாலும் இரண்டு பேர் சொன்னதை நம்பி நிற்கிறது: நியூயார்க் மெட்ஸ் அணியின் உடைமாற்றும் அறையில் வேலைபார்த்த கிர்க் ரடோம்ஸ்கி, பயிற்சியாளர் பிரையன் மெக்னமி. கிளெமென்ஸுக்குத் தானே ஊசி போட்டதாகச் சொன்ன மெக்னமி, பழைய ஊசிகளையும் பஞ்சையும் ஒரு காலி பீர் டப்பாவில் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தார். எதற்காக ஒருவன் இதையெல்லாம் பத்திரப்படுத்துவான் என்று உங்களைப் போன்றவர்கள் குறுக்கு விசாரணை செய்தால் சாட்சி என்ன ஆவான்? 2012 ஜூனில் ஆறு குற்றச்சாட்டுகளிலும் நடுவர் குழு கிளெமென்ஸை விடுவித்தது.

ஆனால் அவர்மேல் இருந்த வழக்கு, நாடாளுமன்றக் குழுவின் முன் பொய் சொன்னார் என்பது. பாண்ட்ஸுக்கும் அப்படியே, விசாரணைக் குழுவின் முன் பொய் சொன்னார் என்று. 2011-ல் நீதிக்குத் தடை ஏற்படுத்தியதாக ஒரே ஒரு குற்றத்தில் தண்டனை. சுற்றி வளைத்துச் சொன்ன ஒரு பதில் குற்றமாகாது என்று 2015-ல் அதுவும் ரத்து. அவருடைய பயிற்சியாளர் கிரெக் ஆண்டர்சன் சாட்சி சொல்ல மறுத்துச் சிறைக்கே போனார்; வாய் திறக்கவில்லை. நீதிமன்றம் சொன்னது 'பொய் சொன்னதாக நிரூபிக்கப்படவில்லை' என்பதுதான். நான் இவர்கள் இருவரையும் பற்றி எழுதும்போது 'குற்றச்சாட்டு' என்ற சொல்லை விடாமல் பிடித்துக்கொள்கிறேன். பால்மெய்ரோவுக்கு அது தேவையில்லை.

தொழில்நுட்பக் காரணத்தால் தப்பியவர் கதை ஒன்றும் உங்களுக்காக. 2011-ல் ரயன் பிரான் என்ற வீரர் சோதனையில் சிக்கினார். மாதிரியைச் சேகரித்தவர் உடனே ஆய்வகத்துக்கு அனுப்பாமல், வார இறுதியில் வீட்டில் வைத்திருந்தார் என்று வாதிட்டு 2012-ல் தப்பினார். அந்த எளிய ஊழியர்மேல் பகிரங்கமாகச் சந்தேகமும் கிளப்பினார். மறு ஆண்டு 65 ஆட்டத் தடையை ஏற்றுக்கொண்டு, தவறு செய்ததை ஒப்புக்கொண்டார்.

டேவிட் ஓர்டிஸ் என்ற வீரரின் பெயர், ரகசியமாக இருக்க வேண்டிய 2003 சோதனைப் பட்டியலில் இருந்ததாக 2009-ல் செய்தி கசிந்தது. அதிகாரபூர்வமாக உறுதிப்படுத்தப்படவில்லை. பாண்ட்ஸ் வெளியேறிய அதே 2022 வாக்கெடுப்பில் ஓர்டிஸ் முதல் முயற்சியிலேயே உள்ளே போனார். சிரித்த முகத்துக்கும் சிடுசிடுத்த முகத்துக்கும் பத்திரிகையாளர்கள் ஒரே மதிப்பெண் போடுவதில்லை.

என் மகனுக்கு ஆஸ்துமா. மருத்துவர் தந்த இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருக்கிறதாம். பள்ளிக் கால்பந்து அணியில் ஆடுகிறான். நிறுத்திவிடட்டுமா? (ஒரு தாய், நாகர்கோவில்)

தயவுசெய்து நிறுத்தாதீர்கள், அம்மா. பெயரில் இரண்டும் ஸ்டீராய்டு, வேலை வேறு. இன்ஹேலரில் இருப்பது மூச்சுக்குழாயின் வீக்கத்தைக் குறைப்பது, தசையை வளர்க்காது. பாண்ட்ஸ் மேல் சொல்லப்பட்டது தசை வளர்க்கும் அனபாலிக் வகை. மூச்சில் இழுக்கும் ஸ்டீராய்டை உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகள் அனுமதிக்கின்றன. சால்பியூட்டமால் இன்ஹேலருக்கும் குறிப்பிட்ட அளவுவரை அனுமதி உண்டு. மாத்திரையாகவோ ஊசியாகவோ தரும் ஸ்டீராய்டு போட்டிக் காலத்தில் கூடாது. மகன் பெரிய போட்டிகளுக்குப் போகும் நாள் வந்தால், மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். அதுவரை இன்ஹேலரைப் பையில் வைத்து அனுப்புங்கள். அணியின் ஆசிரியரிடமும் சொல்லி வையுங்கள்.

கிரிக்கெட்டில் இப்படி யாரும் சிக்கவில்லையா? (இரணியல்)

ஷேன் வார்ன், 2003 உலகக் கோப்பை தொடங்கும் நேரத்தில். சிறுநீர் பெருக்கும் மாத்திரை. ஊக்கமருந்தின் தடயத்தைக் கரைக்க உதவும் என்பதால் அதுவும் தடை. அம்மா கொடுத்தார் என்றார். ஓராண்டு வெளியே உட்கார்ந்தார். பிரித்வி ஷா 2019-ல் இருமல் மருந்தால் எட்டு மாதம். அதே ஆண்டுதான் நம் கிரிக்கெட் வாரியம் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் சோதனைக்கு ஒப்புக்கொண்டது. அதுவரை ஏன் இழுத்தடித்தார்கள் என்று கேட்காதீர்கள். கோட்டாறு வியாபாரிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

எங்கள் ஊர் வர்ம ஆசான் தரும் லேகியம் சாப்பிட்டால் பலம் வருகிறது. இயற்கை மருந்துதானே, மாநிலப் போட்டிக்குப் போகலாமா? (கபடி வீரர், திங்கள்சந்தை)

ஆசான்களிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. பிசகிய என் தோளை ஏற்றிவிட்டவர் ஒரு ஆசான்தான். ஆனால் சோதனைக் கூடத்துக்கு ஆசானைத் தெரியாது. 2011-ல் நம் நாட்டு ஓட்டப்பந்தய வீராங்கனைகள் ஆறு பேர் சிக்கினார்கள். அவர்களில் மூவர், முந்தைய ஆண்டு டெல்லி காமன்வெல்த் போட்டியில் தொடர் ஓட்டத் தங்கம் வென்ற அணியைச் சேர்ந்தவர்கள். உக்ரைன் நாட்டுப் பயிற்சியாளர் சீனாவில் வாங்கித் தந்த ஜின்செங்கில் கலப்படம் என்றார்கள். ஜின்செங் ஒரு வேர்தான், இயற்கைதான். முதலில் ஓராண்டுத் தடை, பிறகு சர்வதேச நடுவர் மன்றத்தில் இரண்டாண்டு. உடம்புக்குள் எது இருந்தாலும் வீரரே பொறுப்பு என்பதுதான் விதி. லேகியத்தில் என்னென்ன சேர்கிறது என்று ஆசானிடம் எழுதி வாங்குங்கள். அவருக்கே தெரியாத பொடி ஏதாவது அதில் இருந்தால், போட்டி முடியும்வரை தொடாதீர்கள்.

பெயர் வேண்டாம். குழித்துறைப் பக்கம், வயது 19. ஆணழகன் போட்டிக்குத் தயாராகிறேன். ஜிம்மில் சொல்லித்தரும் அண்ணன், "இரண்டு மாதம் ஊசி போட்டால் போதும்" என்கிறார். ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

போடாதே, மக்களே.

உங்கள் பக்கத்து ரப்பர் தோட்டங்களில், பால் கூடுதலாக வடிவதற்கு மரத்தில் எத்தெஃபான் பூசுவதைப் பார்த்திருப்பாய். அளவு மீறினால் பட்டை வறண்டு, வெட்டினாலும் பால் வராது. உன் உடம்பிலும் அதுதான் நடக்கும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், மூளை தன் உத்தரவை நிறுத்திவிடும். விரை சுரப்பதைக் குறைத்துச் சுருங்கும், விந்தணு குறையும். ஊசியை நிறுத்திய பிறகு பழைய நிலைக்கு வர மாதங்கள் ஆகலாம்; சிலருக்கு ஆண்டுகள். நல்ல கொழுப்பு இறங்கும், இதயத் தசை தடிக்கும். மாத்திரையாக விழுங்கும் வகைகள் கல்லீரலைப் பதம் பார்க்கும். உன்னைவிடச் சின்னப் பையன்கள் போட்டால் எலும்பின் வளரும் நுனி சீக்கிரம் மூடி, உயரமே நின்றுவிடும்.

என்னிடம் படித்த ஒரு பையன், பால்வெட்டுத் தொழிலாளியின் மகன், இதே ஆசையில் ஊசி போட்டான். கோப்பையும் வாங்கினான். ஒரு வருடம் கழித்து வீட்டுக்கு வந்தபோது, மே மாத வெயிலில் முழுக்கைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தான். முதுகெல்லாம் பரு, மார்பு பெண்ணுக்குப்போல் வீங்கிவிட்டது. அறுவைச் சிகிச்சைக்குக் கோப்பையின் பரிசுத்தொகை கால்வாசிகூடக் காணவில்லை. காட்டுவதற்காக வளர்த்த உடம்பை மறைத்துக்கொண்டு திரிந்தான்.

ஊசி தரும் அண்ணனிடம் மூன்று கேள்வி கேள். குப்பியில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அவர் கைக்கு எப்படி வந்தது? எனக்கு ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரிக்கு யார் கூட வருவார்? முகம் மாறினால் வேறு ஜிம் பார். ஏற்கெனவே ஒன்றிரண்டு போட்டிருந்தால், வீட்டில் மறைத்தாலும் மருத்துவரிடம் மறைக்காதே. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போய் உள்ளதைச் சொல்லி, கல்லீரலுக்கும் கொழுப்புக்கும் ரத்தச் சோதனை செய்துகொள். முட்டை, சாளை மீன், பயறு, ஏத்தன்பழம், எட்டு மணி நேரத் தூக்கம்: இவற்றில் வளரும் உடம்பு மெதுவாகத்தான் வளரும். இந்த ஆண்டு கோப்பை கிடைக்காமலும் போகலாம்.

2023-ல் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 214-ல் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது. சோதனையே நடக்காத உள்ளூர் மேடைகள் அந்தக் கணக்கில் வராது.

கால்பந்தில் இந்த அசிங்கம் எல்லாம் கிடையாதே, மாஸ்டர்? (தூத்தூர்)

1994 உலகக் கோப்பை. கிரீஸுக்கு எதிராகக் கோல் அடித்துவிட்டு, கேமராவுக்குள் முகத்தை நுழைத்துக் கத்தியவர் மரடோனா. அடுத்த ஆட்டம் முடிந்ததும் எபிட்ரின் சோதனையில் சிக்கி, வீட்டுக்கு அனுப்பப்பட்டார். உங்கள் ஊரில் எத்தனை வீட்டுச் சுவரில் அவர் படம் தொங்குகிறது என்று எண்ணி எழுதுங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.